ஓடு ஏறும் முன்பே முடிவாகிவிடும்: ரீப்பர் அடிப்பதும் கூரை விளிம்பு கட்டுவதும்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒருவர், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் கூரையைப் பிரித்து மறுபடி வேய்கிறார். மேலிருந்து கீழே சரிவாக இறங்கும் கைமரங்கள் கெட்டியாக இருக்கின்றன, அவற்றின் மேல் குறுக்கே ஓட்டை மாட்ட அடிக்கும் ரீப்பர் முழுக்கச் செல்லரித்துவிட்டது. “ஓர் அடிக்கு ஒன்று என்று கணக்கு வைத்து அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. அது சரியா? மரம் போடுவதா, ஜி.ஐ. பைப் போடுவதா? கீழ் விளிம்பையும் மோட்டையும் கோம்பைப் பக்கத்தையும் எப்படி முடிப்பது?” என்பது அவர் கேள்வி. (மோடு என்பது இரு சரிவும் சேரும் உச்சி, கோம்பை என்பது கூரையின் பக்கவாட்டு முக்கோண முனை.) சரிவு பதிமூன்றரை அடி, சுவர் 30 அடி, மோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது, பின்கட்டுச் சாய்ப்பு வீட்டுச் சுவரில் முட்டுகிறது என்றும் சொன்னார். முப்பது வருஷமாக ஓட்டுக்கூரை வேலை எடுத்துச் செய்கிறேன். இந்தக் கேள்வியை ஓடு ஏற்றுவதற்கு முன்னால் கேட்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் முதல் மழையில் ஒழுகிய பிறகுதான் கூப்பிடுவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே, அவரிடமே பேசுவது போலச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஓர் அடி என்ற கணக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆசாரிக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அவர் பழகிய ஓட்டுக்கு அது பொருந்தியிருக்கும், உங்கள் ஓட்டுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் ஓடுதான் சொல்ல வேண்டும். ரீப்பர் இடைவெளியைத் தீர்மானிக்கிறவை மூன்று: ஓட்டின் அச்சு, கூரையின் கீழ் விளிம்பு, மோடு. இந்த மூன்றையும் அளக்காமல் ஆணி அடிக்கக் கூடாது.

மங்களூர் ஓட்டின் வடிவத்தைப் புரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். பழைய நாட்டு ஓடு ஒன்றின் மேல் ஒன்று சும்மா கவிழ்ந்து கிடப்பது. மங்களூர் ஓடு அப்படி இல்லை. பக்கவாட்டில் ஒரு வாய்க்கால், அதன் மேல் அடுத்த ஓட்டின் விளிம்பு. தலையில் ஒரு பள்ளம், அதில் மேல் வரிசை ஓட்டின் வால் போய் உட்காரும். இப்படி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டை 1841இல் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், ஆல்ட்கிர்ஷ் ஊரைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்த வகை ஓடு மேற்குக் கரை முழுக்கப் பரவியது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த ஓடு இவ்வளவு சகஜமாகக் கிடப்பதற்கு அந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

கவ்வும் ஓடு என்பதால் அதற்குக் கொஞ்சம் நெகிழ்வுதான் உண்டு. மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகரும், அதற்கு மேல் நகர்த்தினால் கவ்வாது. ஐ.எஸ். 654 என்ற இந்திய தர நிர்ணயம் இந்த ஓட்டுக்கு மூன்று அளவுகளைச் சொல்கிறது: 410க்கு 235, 420க்கு 250, 425க்கு 260 மில்லிமீட்டர். வேயும்போது நீளவாக்கில் குறைந்தது 60 மில்லிமீட்டரும் பக்கவாட்டில் 25 மில்லிமீட்டரும் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். ஆனால் ஒரே அளவு என்று விற்கும் இரண்டு தொழிற்சாலை ஓடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கவ்வும் பள்ளம் ஓரிரு மில்லிமீட்டராவது வேறுபடும். சூளையில் அதிகம் வெந்தது சுருங்கியிருக்கும், குறைவாக வெந்தது பெரிதாக நிற்கும். ஓட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலைப் பெயர் அச்சில் பதிந்திருக்கும். பழைய ஓட்டில் தேறியதையும் புதிதாக வாங்கியதையும் கலந்து போடப் போகிறீர்கள் என்றால், ஒரே சரிவில் கலக்காதீர்கள். வடக்குச் சரிவு முழுக்கப் பழையது, தெற்குச் சரிவு முழுக்கப் புதியது என்று பிரித்துப் போடுங்கள். நிறம் மாறித் தெரியுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. இரண்டு மழைக்காலம் போனால் பாசி ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். கவ்வாத ஓடோ எத்தனை வருஷம் போனாலும் கவ்வாது.

ஓட்டை இறக்கும்போதே பத்துப் பன்னிரண்டைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலிக்க வேண்டும். சொத் என்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது அல்லது வேகவில்லை. ஒன்றை எடைபோட்டு ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடைபோடுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி அளவு எடுக்கும் முறை. சமமான தரையில் இரண்டு ரீப்பர் கட்டைகளை நீளவாக்கில் போட்டு, அதன் மேல் பன்னிரண்டு ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக, கூரையில் கிடக்கிற மாதிரியே கோத்து வையுங்கள். கவ்வு விடாத அளவுக்கு முழுக்க இழுத்து நீட்டி, இரண்டாவது ஓட்டின் தலையிலிருந்து பன்னிரண்டாவது ஓட்டின் தலை வரை அளந்துகொள்ளுங்கள். அது பத்து இடைவெளி. பிறகு முழுக்க நெருக்கித் தள்ளி அதே பத்து இடைவெளியை மறுபடி அளங்கள். இழுத்தபோது 3220, நெருக்கியபோது 3060 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஓட்டுக்கு ரீப்பர் இடைவெளி 306க்கும் 322க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். நடுவே 314 அருமையான இடம். இதே மாதிரி பக்கவாட்டிலும் பன்னிரண்டைக் கோத்து அளந்துகொள்ளுங்கள். கோம்பைப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

அடுத்து கூரைக்குப் போவோம். கைமரத்தின் மேல் முகங்கள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராக ஒரு நூல், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல். அறுபது எழுபது வருஷத்து வீட்டில் நடுக் கைமரங்கள் தொங்கியிருக்கும். தொங்கிய இடத்தில் மரச் சிம்பு வைத்து உயர்த்துங்கள், மேடாக நிற்பதை இழைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ரீப்பர் அடித்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது கூரை அலையடிக்கும். அழகு கெடுவதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பள்ளமான இடத்தில் ஓட்டின் வால் தூக்கிக்கொண்டு நிற்கும், சாரல் அந்த இடுக்கில் புகும்.

மூலைமட்டமும் பார்க்க வேண்டும். கீழ் விளிம்புக் கோட்டில் 4 அடி, கைமரம் வழியாக 3 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது. ஒரு முனையில் மூன்று நான்கு அங்குலம் கோணியிருக்கும். அந்தக் கோணலை ரீப்பரில் சரிக்கட்ட முயலாதீர்கள். ரீப்பர் மோட்டுக்கு இணையாக இருக்கட்டும், ஓட்டு வரிசை அதற்குச் செங்குத்தாக ஏறட்டும். மிச்சக் கோணலைக் கோம்பை விளிம்பில் பலகைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. உங்கள் கூரை முகட்டின் உச்சியிலிருந்து கைமர நுனிகளில் அடிக்கும் கீழ்ப் பலகையின் வெளிமுகம் வரை, சரிவு வழியாக 4075 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பதிமூன்றரை அடிக்குக் கிட்டத்தட்ட அது வரும். ஓட்டின் அடியில், தலைப்பக்கம், ரீப்பரில் மாட்டிக்கொள்ளும் பல் இரண்டு இருக்கும். அந்தப் பல்லின் உள்முகத்திலிருந்து வால் நுனி வரை அளங்கள். 375 வருகிறது என்று வைப்போம். கீழ்ப் பலகையைத் தாண்டி ஓடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? மழைநீர்த் தகரக்குழாய் மாட்டுவதானால் குழாய் வாயின் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 50 முதல் 60 மில்லிமீட்டர். குழாய் இல்லையென்றால் 75 வரை விடலாம். நான் 60 வைத்துக்கொள்கிறேன். 375இல் 60 போக 315. ஆக, முதல் ரீப்பரின் மேல் விளிம்பு, பலகை வெளிமுகத்திலிருந்து 315 மில்லிமீட்டர் மேலே. மோட்டுப் பக்கம் கடைசி ரீப்பரின் மேல் விளிம்பு உச்சியிலிருந்து 40 கீழே. இரண்டையும் கழித்தால் 3720 மிச்சம். நடுமதிப்பான 314ஆல் வகுத்தால் 11.85. பன்னிரண்டு இடைவெளி என்று வைத்தால் ஒவ்வொன்றும் 310. அது 306க்கும் 322க்கும் நடுவே வருகிறது, ஓடு சுகமாகக் கவ்வும். பதினொன்று என்று வைத்தால் 338, கவ்வே விட்டுப்போகும்.

ஆசாரி சொன்ன ஓர் அடியை, அதாவது 305ஐ, கீழிருந்து அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? அளவு நெருக்கல் எல்லைக்கும் கீழே போய்விட்டது, ஓடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறும். பன்னிரண்டு முடிந்ததும் மேலே 60 மில்லிமீட்டர் மீதி நிற்கும். அதை மூட மோட்டு ஓட்டுக்கு எட்டாது, ஓட்டை வெட்டிச் சொருக வேண்டும், வெட்டிய ஓட்டில் மாட்டிக்கொள்ள பல் இருக்காது. மோட்டுக்குக் கீழே ஒழுகும் வீடுகளைப் பிரித்துப் பார்த்தபோது நான் அதிகம் கண்டது இதைத்தான்: கடைசி வரிசையில் இரண்டு அங்குல ஓட்டுத் துண்டுகள், அதைச் சுற்றிக் கை கையாகச் சிமெண்ட்.

குறிக்கும்போது ஒவ்வொரு இடைவெளியாக 310, 310 என்று நகர்த்தி நகர்த்தி அளக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் பன்னிரண்டில் ஓர் அங்குலம் போய்விடும். டேப்பை முதல் ரீப்பர் குறியில் பிடித்துக்கொண்டு 310, 620, 930, 1240 என்று 3720 வரை ஒரே மூச்சில் குறியுங்கள். இரண்டு கோடிக் கைமரத்திலும், நடுவில் ஒன்றிலும் குறித்து, காவி தோய்த்த நூலைத் தெறித்துக் கோடு போட்டால் போதும்.

மரமா, பைப்பா? உங்கள் வீட்டுக்கு மரம் என்பேன். பழைய கைமரம் சீரற்றது. மர ரீப்பர் சிம்பு வைத்துச் சரிசெய்ய இடங்கொடுக்கும், ஆணி ஏற்கும், ஓட்டைக் கட்டக் கம்பி மாட்டுவதும் எளிது. கைமரங்களே இரும்பில் புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஓர் அங்குலச் சதுர ஜி.ஐ. பைப் நல்லது, செல்லுக்குப் பயமில்லை. ஆனால் பைப்பை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். வெல்டிங் பட்ட இடம் ஒவ்வொன்றிலும் ஜிங்க் பிரைமர் பூச வேண்டும், பூசுகிறார்களா என்று நீங்களே நின்று பார்க்க வேண்டும். தானே துளைத்து இறங்கும் திருகாணி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பைப்பின் வாயை அடைக்கவும் மறக்கக் கூடாது. திறந்த வாயில் குளவி கூடு கட்டும், தண்ணீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

மரத்தில் 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாதாரண அளவு. கைமரங்கள் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி இடைவெளியில் இருந்தால் அது போதும். அதற்கு மேல் அகலமாக இருந்தால் ஒன்றரை அங்குல கனம் போடுங்கள், ஓடு மாற்ற ஏறுகிற ஆளின் எடையையும் அது தாங்க வேண்டும். வைரம் பாய்ந்த பனை, வேங்கை, அயினி, தேக்கு எதுவானாலும் நல்லது. வெளிறிய வெண்மரப் பகுதி இல்லாமல் பார்த்து வாங்குங்கள், செல் முதலில் நுழைவது அங்கேதான். பழைய ரீப்பரில் தேறுவது எதுவும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அறுபது வருஷம் காய்ந்த மரம் இனி முறுக்காது. அடிப்பதற்கு முன்னால் நாலு முகத்திலும், குறிப்பாக அறுத்த முனையிலும், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காயவிடுங்கள். மேற்குக் கரையில் தோணிக்குப் பூசும் அதே எண்ணெய்தான். கையில் பட்டால் புண்ணாக்கும், உறை போட்டுக்கொண்டு பூசச் சொல்லுங்கள்.

ஓர் அங்குல ரீப்பருக்கு இரண்டரை அங்குல ஆணி. பனையில் நேரடியாக அடித்தால் பிளந்துவிடும், துளை போட்டு அடிக்க வேண்டும். இரண்டு ரீப்பர் சேரும் இடம் கைமரத்தின் நடுவில்தான் வர வேண்டும், அந்தரத்தில் வரக் கூடாது. எல்லாச் சேர்ப்பையும் ஒரே கைமரத்தில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். ஒரு கைமரத்தில் நாலு வரிசைக்கு ஒன்று மட்டும் சேரட்டும். அப்போதுதான் ரீப்பர்கள் கைமரங்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும்.

சரி, விளிம்புகளுக்கு வருகிறேன். ஓட்டுக்கூரை நடுவில் ஒழுகுவது அபூர்வம். உடைந்த ஓடு இருந்தால் ஒழுகும், மாற்றினால் நிற்கும். தொல்லை எல்லாம் ஓரங்களில்தான். காற்றுக்கும் ஓரம்தான் இலக்கு. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் மோட்டிலும்தான் காற்று ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சும் விசை மிக அதிகம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு கூரை பார்க்கப் போன வீடுகளில், நடுவில் ஓடு அப்படியே கிடக்க, கீழ் வரிசையும் கோம்பை ஓரமும் மட்டும் பறந்திருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கீழ் விளிம்பு, அதாவது இறவாணம். இங்கே ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு ஓடும் தலையைத் தன் ரீப்பரில் மாட்டிக்கொண்டு, வாலைக் கீழ் வரிசை ஓட்டின் தலைமேல் வைத்துக்கொள்கிறது. முதல் வரிசைக்குக் கீழே ஓடு இல்லை. அதன் வால் எதன் மேல் உட்காரும்? ரீப்பர் மட்டத்திலேயே கீழ்ப் பலகையையும் நிறுத்திவிட்டால் முதல் வரிசை மூக்கைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். சரிவு அங்கே மட்டும் அதிகமாகி, முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவே வாய் பிளக்கும். அந்த இடுக்கில் காற்று புகுந்து தூக்கும், அணில் புகும், மரநாய் புகும். அதனால் பலகையின் மேல் விளிம்பை மற்ற ரீப்பர்களின் மேல்மட்டத்தைவிட ஓர் ஓட்டின் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும், முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை. சரியான அளவைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முதல் மூன்று வரிசையில் ஒவ்வோர் ஓட்டைத் தற்காலிகமாக மாட்டி, மேலே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே சரிவில் தொடும்வரை பலகையை ஏற்றி இறக்கி, அங்கே அடித்துவிடுங்கள். பலகை போடாத வீட்டில் கைமர நுனியில் ரீப்பரை இரட்டையாக அடித்தாலும் இதே வேலை நடக்கும்.

ஓட்டின் வளைவுக்குக் கீழே பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடுக்குகள் இருக்கும். சிலர் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். வேண்டாம். கூரைக்குள் காற்று நுழையும் வழி அது. அந்தக் காற்று இல்லாவிட்டால் நனைந்த ரீப்பர் காயாது. அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வலையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, பலகை மேல் ஆணியடித்து இடுக்கில் மடக்கிவிடுங்கள். காற்று போகும், மரநாய் போகாது.

அடுத்தது கோம்பைப் பக்கம். இரண்டு கோம்பையும் ஒன்றல்ல என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓட்டின் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அதை மூடும் விளிம்பு என்று சொன்னேன் அல்லவா? ஒரு கோம்பையில் வரிசை மூடும் விளிம்போடு முடியும், அங்கே தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும். எதிர்க் கோம்பையில் வரிசை திறந்த வாய்க்காலோடு முடியும். அந்த வாய்க்காலை மூட அடுத்த ஓடு இல்லை. அதில் விழும் தண்ணீர் கோம்பைச் சுவரின் தலையில் இறங்கும். எதிரெதிர்ச் சரிவில் இது இடம் மாறும், தெற்குச் சரிவில் கிழக்குக் கோம்பையில் வாய்க்கால் திறந்திருந்தால் வடக்குச் சரிவில் மேற்குக் கோம்பையில் திறந்திருக்கும். ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டில் எது எது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கோம்பையில் வெட்டிய ஓடு வரக் கூடாது. பக்கவாட்டு அளவு ஓர் ஓட்டுக்கு 208 மில்லிமீட்டர் வந்தால், 47 ஓட்டுக்கு 9776 மில்லிமீட்டர், ஏறக்குறைய 32 அடி. உங்கள் சுவர் 30 அடி. இரு பக்கமும் ஓரோர் அடி நீட்டி, ரீப்பரின் முனைகளை அந்த அளவுக்கு ஓடவிட்டால் முழு ஓட்டிலேயே முடியும். வெளியே நீட்டிய ரீப்பர் முனைகளுக்குக் கீழே ஒரு தொங்கு கைமரம் கொடுத்து, அதன் வெளிமுகத்தில் கோம்பைப் பலகை அடிக்க வேண்டும். பலகையின் மேல் விளிம்பு ஓட்டு மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் நிற்கட்டும். அதன் மேல் அலுமினியத் தகடு ஒன்றை மடக்கி, ஒரு கை பலகையின் வெளிமுகத்திலும், மறு கை கடைசி ஓட்டின் வாய்க்காலைத் தாண்டி முதல் மேடு வரையிலும் படியும்படி அடித்தால் திறந்த வாய்க்கால் பிரச்சினை தீர்ந்தது. தகடு பிடிக்காதவர்கள் ஓரத்தின் மேல் மோட்டு ஓட்டையே வரிசையாகக் கவிழ்த்துக் கட்டுவார்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், நானும் அதையே விரும்புவேன். எடை கூடும் என்பதால் தொங்கு கைமரம் கெட்டியாக இருக்க வேண்டும். வெறும் சிமெண்ட் பூச்சு வைத்து முடிப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரம் அசையும், ஓடு சூட்டில் விரியும், சிமெண்ட் இரண்டோடும் சேர்ந்து நகராது. இரண்டு வெயில் காலத்தில் மயிரிழை விரிசல் விட்டுவிடும்.

மோடு. கடைசி ரீப்பர் உச்சியிலிருந்து 40 மில்லிமீட்டர் என்றேன். மோட்டு ஓடு இரு பக்கமும் மேல் வரிசையைக் குறைந்தது மூன்று அங்குலம் மூட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவு. கையிலுள்ள மோட்டு ஓட்டை உச்சியில் கவிழ்த்துப் பார்த்து 40ஐ 30 அல்லது 50 என்று மாற்றிக்கொள்ளலாம், பன்னிரண்டால் வகுக்கும் கணக்கை மட்டும் மறுபடி போட வேண்டும்.

மோட்டு ஓட்டை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? உங்கள் மோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று சாரலோடு வரும். ஆகவே கிழக்கு முனையில் தொடங்கி மேற்கு நோக்கி வாருங்கள். பின்னால் வைக்கும் மேற்கு ஓடு முன்னால் வைத்த கிழக்கு ஓட்டின் மேல் ஏறும், சேரும் வாய் கிழக்கே பார்த்து நிற்கும், காற்று அதைத் தடவிக்கொண்டு போகும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு சேர்ப்பும் சாரலை வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். கடலூர், நாகை பக்கத்தில் இந்தக் கணக்கு மட்டும் போதாது. புயல் கடக்கும்போது காற்று திசை மாறி மாறி அடிக்கும், அங்கே மோட்டு ஓடு ஒவ்வொன்றையும் கம்பியாலும் கட்ட வேண்டும்.

கலவை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மோட்டு ஓட்டுக்கு அடியில் முழுக்கச் சிமெண்ட் திணிக்கக் கூடாது. இரு ஓரங்களில் மட்டும் இரண்டு அங்குலப் பட்டையாகக் கலவை, சேர்ப்பில் கொஞ்சம், நடுவே காலியாக இருக்கட்டும். முழுக்கத் திணித்தால் அது ஈரத்தை உறிஞ்சி மோட்டுவளைக்கு, அதாவது உச்சியில் கைமரங்கள் வந்து சேரும் உத்தரத்துக்குக் கொடுக்கும். வளை உளுத்துப்போவது வெளியே தெரியவும் தெரியாது. வெறும் சிமெண்டும் மணலும் வேண்டாம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்று கலந்தால் கலவை கொஞ்சம் இளக்கமாக நிற்கும், கூரை அசையும்போது வெடிக்காது. வைக்கும் முன் மோட்டு ஓட்டையும் கீழே கலவை படும் இடத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஓடு கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு பிடிப்பு வராது. மூன்று நாலு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும்.

பின்கட்டுச் சாய்ப்பு வீட்டுச் சுவரில் முட்டுகிறது என்றும் சொன்னீர்கள். அங்கே சுவரில் ஓட்டு மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதில் சொருகிப் பூசி, கீழ் விளிம்பை ஓட்டின் மேல் ஆறு அங்குலமாவது படியவிடுங்கள். சுவரோடு ஒட்டிப் பூசி முடிப்பது ஒரு மழைக்குத்தான் தாங்கும். உங்கள் கூரையில் இரண்டு சரிவு உள்மூலையில் சேரும் கூடல்வாய் இல்லாதது பெரிய நிம்மதி. அது தனி வேலை.

ஓட்டைக் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. அடிப் பல் ஒன்றில் துளை இருக்கும். அதைப் பலர் பார்ப்பதே இல்லை. அந்தத் துளையில் ஜி.ஐ. கட்டுக்கம்பியைக் கோத்து ரீப்பரில் அடித்த ஆணியில் முறுக்க வேண்டும். காற்று வேகக் கணக்கில் மதுரை, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டரும் சென்னைக்கு 50 மீட்டரும் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரையில் எல்லா ஓட்டையும் கட்டுவது நல்லது. உங்கள் ஊரில் கீழிருந்து இரண்டு வரிசை, இரு கோம்பையிலும் மூன்று மூன்று ஓடு, மோட்டுக்கு அடுத்த ஒரு வரிசை, இவற்றைக் கட்டினால் போதும். ஒரு நாள் கூலி கூடும், அவ்வளவுதான்.

ஓடு கணக்கு: ஒரு சரிவுக்கு 13 வரிசை, வரிசைக்கு 47, ஆக 611. இரு சரிவுக்கும் 1222. உடைசலுக்கும் சேர்த்து 1300 இறக்குங்கள். ரீப்பர் ஒரு சரிவுக்குப் பதின்மூன்று வரிசை, கீழ் விளிம்பையும் சேர்த்தால் பதினான்கு, இரண்டு சரிவுக்கும் ஏறக்குறைய 900 அடி. ஓட்டின் எடை மட்டும் மூன்று டன்னுக்குக் கிட்டே வரும், மழையில் ஊறினால் அரை டன் வரை கூடும். அதனால் மேலே ஏற்றும்போது ஒரே சரிவில் குவிக்க விடாதீர்கள். இரு சரிவிலும் சம அளவாக, நாலைந்து ஓடுகளாகப் பரப்பி வைத்துக்கொண்டு, கீழிருந்து இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறி வர வேண்டும். ஒரு சரிவை முழுக்க வேய்ந்துவிட்டு மறு சரிவுக்குப் போன ஒரு வீட்டில் மோட்டுவளை ஒன்றரை அங்குலம் சாய்ந்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப ஏற்றினோம்.

சீலிங் ஓடும், அதாவது மேல் ஓட்டுக்கு அடியில் உள்ளிருந்து தெரியும்படி வைக்கும் ஓடும், போடுகிற எண்ணம் இருந்தால் ரீப்பர் அடிக்கும் முன்பே அதை வாங்கி வந்துவிடுங்கள். அதன் அளவையும் பார்த்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

வேலை முடிந்து முதல் நல்ல மழை பெய்யும்போது டார்ச் லைட்டோடு உள்ளேயிருந்து கோம்பைச் சுவரின் தலையையும் மோட்டுவளையின் இரு பக்கத்தையும் பாருங்கள். ஈரம் தெரிந்த ரீப்பரில் சாக்பீஸால் குறித்து வைத்து, வெயில் வந்ததும் அந்த ஓட்டை மட்டும் திறந்து சரிசெய்யலாம். உடைசல் போக மீதமாகும் ஓடுகளைக் கொல்லையில் வெயில் படாத மூலையில் நிறுத்திவையுங்கள். அதே அச்சு ஓடு இன்னும் பத்து வருஷம் கழித்துக் கடையில் கிடைக்காது.